தோன்றிய இடமும் தொடங்கிய இடமும்

(உலக சிறுநீரக நாளையொட்டி வானொலியில் ஒலிபரப்பான தவக்கால மறையுரை)



மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமையை உலக சிறுநீரக நாளாக 2006ஆம் ஆண்டிலிருந்து கடைப்பிடித்து வருகிறார்கள். பெரும்பாலும் அது தவக்காலத்தில்தான் வருகிறது. உள்ளத்தை ஆய்ந்து பார்க்கும் இந்த நாள்களில், உடலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நோயைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். மறையுரையில் மருத்துவம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். இதில் நம் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது.

நாங்கள் பணியாற்றிய ஒரு பங்கில் உபதேசியார் ஒருவர் இருந்தார். ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசிப்பவர் அவரே. ஊரில் சாவு விழுந்தால் முதலில் போய்ச் செபமாலை தொடங்குபவரும் அவரே. ஒரு தவக்காலத்தில் அவருக்கு மூக்கிலிருந்து இரத்தம் வரத் தொடங்கியது. ஒரு நாள், இரண்டு நாள் என்றில்லை, வாரக்கணக்கில். அதுவும் இடது பக்க மூக்கில் மட்டும். வாசகம் வாசிக்கும்போது ஒரு கையில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே நிற்பார்.

ஊரே வைத்தியம் சொன்னது. "சூட்டு உடம்பு, தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக் குளியுங்கள்" என்றார் ஒருவர். "ஒருசந்தி இருப்பதால் வந்த சூடு, இளநீர் குடியுங்கள்" என்றார் இன்னொருவர். மறைக்காமல் சொல்கிறோம், நாங்களும் அதையேதான் சொன்னோம். வெயில் நாள், அறுபதைத் தாண்டிய வயது, நோன்பு வேறு. சூடு என்று சொல்வது எளிதாக இருந்தது.

கடைசியில் அவருடைய மனைவி அவரை வற்புறுத்திக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மூக்கினுள் செந்நிறத்தில் ஒரு சிறு கட்டி தெரிந்தது. அதிலிருந்து சதை கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்ற மருத்துவர், வழக்கம்போல் கேட்டார்: "இதற்கு முன்னால் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா ஐயா?"

"பெரிசா ஒண்ணும் இல்லீங்க. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால சிறுநீரகத்துல கல் எடுத்தாங்க" என்றார் உபதேசியார்.

பக்கத்தில் நின்ற அம்மா ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு தன் மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "கல் இல்லீங்க டாக்டர். கட்டி. இடது பக்கக் கிட்னியையே எடுத்துட்டாங்க. இதைச் சொல்லணுமா வேண்டாமான்னு தெரியலை."

அந்த மருத்துவர் கையில் எடுத்த கருவியைக் கீழே வைத்துவிட்டார். முதலில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரத்தம் பெருகினால் அடக்குவதற்கான எல்லா ஏற்பாடுகளோடும், பெரிய மருத்துவமனை ஒன்றில் வைத்துத்தான் சதை எடுக்கப்பட்டது. முடிவு வந்தது. மூக்கில் இருந்தது மூக்கில் பிறந்த நோய் அல்ல. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சிறுநீரகத்தோடு எடுத்துவிட்டதாக எண்ணிய அதே புற்றுநோய்தான்.

அன்பு நேயர்களே, சிறுநீரகத்துக்கும் மூக்குக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்வி எங்களுக்கும் எழுந்தது. மருத்துவர்கள் எங்களுக்கு விளக்கியதையும் நாங்கள் படித்து அறிந்ததையும் எளிமையாகச் சொல்கிறோம்.

நம் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடைதான். ஆனால் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டுக்கும் போகிறது. வயிற்று உறுப்புகளுக்குப் பின்னால், முதுகை ஒட்டி, ஆழத்தில் இருப்பதால் அங்கே ஒரு கட்டி வளர்ந்தாலும் வெளியே தெரிவதில்லை. சிறுநீரில் இரத்தம், விலாவுக்குக் கீழே வலி, கையில் தட்டுப்படும் கட்டி என்ற மூன்று அடையாளங்களும் ஒன்றாகச் சேர்ந்து தெரிவது மிகச் சிலருக்கே. கண்டுபிடிக்கும்போதே ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு நோய் வேறு இடங்களுக்குப் பரவியிருக்கும் என்கிறார்கள்.

பரவும்போது அது வழக்கமாகப் போகும் இடங்கள் நுரையீரல், எலும்பு, நிணநீர்க் கணுக்கள், கல்லீரல், அட்ரினல் சுரப்பி, மூளை. இவை மருத்துவர்கள் எதிர்பார்த்துத் தேடும் இடங்கள். ஆனால் சிறுநீரகப் புற்றுநோய் எதிர்பாராத இடங்களிலும் முளைப்பதற்குப் பேர்போனது. தைராய்டு சுரப்பியில், கணையத்தில், பித்தப்பையில், நாக்கில், காதோர உமிழ்நீர்ச் சுரப்பியில், கண்ணில், உச்சந்தலைத் தோலில், தசையில், விரல் நுனி எலும்பில், ஏன், இதயத்திலும்கூட அது தோன்றியிருக்கிறது. வேறோர் உறுப்பிலிருந்து புற்றுநோய் மூக்குக்குள்ளும் அதை ஒட்டிய எலும்பறைகளுக்குள்ளும் வந்து சேர்வதே அபூர்வம். அப்படி வருவனவற்றில் முதலிடம் சிறுநீரகப் புற்றுநோய்க்குத்தான்.

எப்படிப் போகிறது? சிறுநீரகத்திலிருந்து புறப்படும் இரத்தம் பெரிய சிரை வழியாக இதயத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் செல்கிறது. நுரையீரல் ஒரு வடிகட்டி போல நின்று புற்றணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவேதான் நுரையீரலில் நோய் அதிகம். ஆனால் இன்னொரு வழியும் உண்டு. முதுகெலும்பை ஒட்டி இடுப்பிலிருந்து மண்டை வரை ஒரு சிரை வலை ஓடுகிறது. அதில் இரத்தத்தை ஒரே திசையில் நிறுத்தும் கதவுகள் இல்லை. நாம் இருமும்போதும் முக்கும்போதும் அங்கே இரத்தம் மேலும் போகும், கீழும் போகும். அமெரிக்க உடற்கூற்று அறிஞர் ஆஸ்கர் பேட்சன் இதை 1940ஆம் ஆண்டில் விளக்கினார். ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையில் போகிற பேருந்தைப் போல, சில அணுக்கள் நுரையீரலைத் தொடாமலேயே தலைக்கும் கழுத்துக்கும் போய்விடக்கூடும்.

வழி இருந்தால் மட்டும் போதாது. இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து, 1889ஆம் ஆண்டில் ஒரு கருத்தைச் சொன்னார். செடியின் விதை எல்லாத் திசையிலும் போகிறது, ஆனால் தனக்கேற்ற நிலத்தில் விழுந்தால்தான் முளைக்கிறது. புற்றுநோயும் அப்படியே என்றார். விதைப்பவர் உவமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் நற்செய்தியில் நல்ல விதை நல்ல நிலத்தில் விழுகிறது. இங்கே விழுவது களை. அந்தக் களைக்கு எந்த நிலம் பிடிக்கும் என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒன்று. இந்த நோயின் மிகுதியான வகையில், ஒரு மரபணு செயலிழந்துபோகிறது. 1993ஆம் ஆண்டில் அதை அடையாளம் கண்டார்கள். அது பழுதானதும், போதிய உயிர்வளி கிடைத்தும்கூட அந்த அணு மூச்சுத் திணறுவது போலவே நடந்துகொள்ளும். 'இரத்தம் வேண்டும், இரத்தம் வேண்டும்' என்று புதிய இரத்தக் குழாய்களைத் தன்னிடம் இழுத்துக்கொண்டே இருக்கும். உடலின் அணுக்கள் உயிர்வளியை எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்த மூன்று அறிவியலாளர்களுக்கு 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த அறிவுக்கு இந்த மரபணுவைப் பற்றிய ஆய்வும் ஒரு திறவுகோல். எங்கள் உபதேசியாருக்கு மூக்கில் ஏன் அத்தனை இரத்தம் வந்தது என்பதும், மருத்துவர் ஏன் கருவியைக் கீழே வைத்தார் என்பதும் இப்போது உங்களுக்கு விளங்கும். இரத்தக் குழாய்கள் மண்டிக்கிடக்கும் கட்டி அது. தெரியாமல் வெட்டியிருந்தால் இரத்தம் கட்டுக்கடங்காமல் போயிருக்கலாம்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நோய் திரும்பி வருவது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதல் சில ஆண்டுகளுக்குள்தான். ஆனாலும் பத்து ஆண்டு கழித்தும், அபூர்வமாக இருபது ஆண்டு கழித்தும் திரும்பியிருக்கிறது. அதற்குள் நோயாளியே மறந்திருப்பார். மருத்துவரும் மாறியிருப்பார். அதனால்தான் தோன்றிய இடத்தைப் பார்த்துத் தொடங்கிய இடத்தை யாரும் நினைப்பதில்லை.

சகோதர சகோதரிகளே, இனி எங்கள் மனத்தை உறுத்திய பகுதிக்கு வருகிறோம். அவர் ஏன் 'கல்' என்று சொன்னார்?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, வலி எதுவும் இல்லாமல் சிறுநீரில் இரத்தம் கண்டு அவர் மருத்துவமனைக்குப் போனபோது, அவருடைய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "புற்றுநோய்க் குடும்பம்னு தெரிஞ்சா யார் சாமி பெண் எடுப்பாங்க?" என்று பிற்பாடு எங்களிடம் சொன்னார். அதனால் ஊருக்குக் கல் என்று சொன்னார். மகளுக்கும் கல் என்று சொன்னார். எங்களிடமும் கல் என்றே சொன்னார். 'கல் நீங்கிய உபதேசியாருக்காக' நன்றித் திருப்பலியும் நிறைவேற்றினோம். தொடர்ந்து ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு ஆண்டு போனார். அந்தப் பிரிவு வாசலில் தெரிந்த முகங்களைப் பார்க்க நேரிட்டதும் நிறுத்திவிட்டார். உண்மை இரண்டே பேருக்குத் தெரியும். அந்த அம்மா கோப்பை இரும்புப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்.

நோய் அவருடைய உடலில் இருந்தது. வெட்கத்தை அவருக்குக் கொடுத்தது யார்? நாம்தான். யாருக்காவது புற்றுநோய் என்று கேள்விப்பட்டதும் நம் வாயிலிருந்து வரும் முதல் சொற்கள் என்ன? "என்ன பாவம் செய்தாரோ!" "அந்த வீட்டில் சாபம்." "தட்டு டம்ளரைத் தனியாக வையுங்கள்." பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட நிகழ்ச்சியை யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர் செய்ததும் அல்ல, அவருடைய பெற்றோர் செய்ததும் அல்ல என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் கேள்வியை நாம் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

சிறுநீரகப் புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. மிகச் சிறு பங்கைத் தவிர, அது குடும்ப வழியாக வருவதும் அல்ல. புகைப் பழக்கம், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகியவை அதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் அது வருகிறது. இதில் சாபத்துக்கு இடமே இல்லை.

ஆகவே இந்தத் தவக்காலத்தில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். ஒப்புரவு அருளடையாளத்துக்குப் போகும்போது ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் நல்ல பாவசங்கீர்த்தனம் ஆகாது என்று நம் பெரியவர்கள் கற்பித்தார்கள். மருத்துவரிடமும் அப்படித்தான். பல்லுக்குப் போனாலும் கண்ணுக்குப் போனாலும், முன்பு நடந்த அறுவைச் சிகிச்சையைச் சொல்லுங்கள். இருபது ஆண்டு ஆனாலும் சொல்லுங்கள். பழைய அறிக்கைகளை எடைக்குப் போடாதீர்கள். நோயாளியால் சொல்ல முடியாவிட்டால், மஞ்சள் பையைத் திறந்த அந்தத் தாயைப் போல வீட்டில் ஒருவர் சொல்லுங்கள்.

இரண்டாவது, சிறுநீரில் ஒரே ஒருமுறை இரத்தம் வந்து, வலி இல்லாமல், தானாகவே நின்றுவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். கல்லாக இருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம். எது என்று அவர் சொல்லட்டும். ஒருமுறை இந்த நோய் வந்தவர்கள், மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளில் தவறாமல் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு கட்டி, ஆறாத புண், நிற்காத இரத்தம், நீங்காத எலும்பு வலி இருந்தால் பழைய நோயை நினைவூட்டிக் கேளுங்கள். இதைக் கேட்டுவிட்டு மூக்கில் இரத்தம் வந்த ஒவ்வொருவரும் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் அது சாதாரணமானதுதான். ஒரே பக்கத்தில், திரும்பத் திரும்ப, வாரக்கணக்கில் வந்தால் மட்டும் வீட்டு வைத்தியத்தோடு நின்றுவிடாதீர்கள்.

மூன்றாவது, பரவிவிட்டது என்று கேட்டதும் நோயாளியைக் கைவிடாதீர்கள். கணையத்திலோ தைராய்டிலோ மட்டும் முளைத்த நோயை அறுவைச் சிகிச்சையால் நீக்கி, அதன்பின் பல ஆண்டு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். புதிய இரத்தக் குழாய்கள் உருவாவதைத் தடுக்கும் மாத்திரைகள் 2005, 2006ஆம் ஆண்டுகளிலிருந்தும், நம் உடலின் எதிர்ப்பு ஆற்றலைத் தட்டி எழுப்பும் ஊசி மருந்துகள் 2015ஆம் ஆண்டிலிருந்தும் இந்த நோய்க்குப் பயன்பட்டு வருகின்றன. எல்லாரையும் இவை குணப்படுத்தும் என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்வதும் பொய்தான்.

எங்கள் உபதேசியாரின் கதையை முடிக்க வேண்டும். மூக்கிலிருந்த கட்டியை எடுத்தார்கள். மாத்திரை தொடங்கினார்கள். உள்ளங்கையும் உள்ளங்காலும் எரியும், வாய் ருசிக்காது, ஆனாலும் விடாமல் சாப்பிட்டார். மகளுக்கு உண்மை தெரிந்தபோது அவள் கோபித்துக்கொண்டது நோய்க்காக அல்ல. "பன்னிரண்டு வருசமா எனக்காக இதைத் தனியாத் தூக்கிட்டு இருந்தீங்களாப்பா?" என்று அழுதாள். எந்த மருமகன் அறியக்கூடாது என்று அவர் அஞ்சினாரோ, அந்த மருமகன்தான் மாதந்தோறும் விடியற்காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனான்.

ஓர் அன்பியக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். "கல் இல்லை. புற்றுநோய். நான்தான் மறைத்தேன்" என்று எல்லார் முன்னும் சொன்னார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு வயதான அம்மா, தன் மார்பில் ஒரு கட்டி இருப்பதாகவும் அதை யாரிடமும் சொன்னதில்லை என்றும் மெல்லச் சொன்னார். அடுத்த நாளே எங்கள் பங்குப் பெண்கள் இருவர் அவரோடு மருத்துவமனைக்குப் போனார்கள்.

உபதேசியார் அதன்பின் இரண்டரை ஆண்டு எங்களோடு இருந்தார். பாஸ்காத் திருவிழிப்பில் படைப்பின் வாசகத்தை இரண்டு முறை வாசித்தார். மூன்றாம் ஆண்டு அதை வாசிக்க அவர் இல்லை. கடைசி நாள்களில் நோயில்பூசுதல் கொடுக்கப் போனபோது வீடு நிறைய ஆள்கள். யாரும் தனித் தட்டு வைக்கவில்லை. பேரப்பிள்ளை அவருடைய டம்ளரிலேயே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

அன்புக்குரியவர்களே, ஓர் உறுப்பு வருந்தினால் மற்ற எல்லா உறுப்புகளும் சேர்ந்து வருந்துகின்றன என்று தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நாம் அடிக்கடி கேட்கிறோம். சிறுநீரகத்தின் நோய்க்கு மூக்கு இரத்தம் சிந்தியபோது அது எவ்வளவு உண்மை என்று கண்டோம். திரு அவை என்னும் உடலிலும் அப்படியே. ஒரு வீட்டில் தெரியும் கோபமும் மௌனமும் ஒதுங்கலும் வேறெங்கோ, என்றோ தொடங்கிய ஒரு வலியின் அடையாளமாக இருக்கலாம். 'சூடு' என்று சொல்லிக் கடந்து போகாமல், உட்கார்ந்து கேட்போம். உண்மையைச் சொல்பவர் வெட்கப்படத் தேவையில்லாத பங்காக நம் பங்கை ஆக்குவோம்.

செபிப்போமாக. நோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரே, தங்கள் நோயை மறைத்துத் தனிமையில் தவிக்கும் எல்லாரையும் நினைவுகூரும். அவர்களுக்குப் பேசும் துணிவையும், எங்களுக்குக் கேட்கும் பொறுமையையும் தாரும். மருத்துவர்களின் கைகளையும் ஆய்வாளர்களின் அறிவையும் ஆசீர்வதியும். இரவெல்லாம் கட்டிலருகே விழித்திருக்கும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஆறுதலாக இரும். ஆமென்.